எரர் வராத தப்பு ரிப்போர்ட்

டேட்டாபேஸிலிருந்து நாமே ரிப்போர்ட் எடுக்க உதவும் மெட்டாபேஸ், சூப்பர்செட், பவர் பிஐ மாதிரியான கருவிகள் வந்த பிறகு, "இந்த மாதம் கோயம்புத்தூர் விற்பனை எவ்வளவு?" என்று ஐடி டீமுக்கு மெயில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. பிரவுசரைத் திறந்து, டேபிளைத் தேர்ந்தெடுத்து, நாலு கிளிக் செய்தால் நம்பர் வந்துவிடும். சிக்கலும் அங்கேதான். கேள்வி தப்பாக இருந்தாலும் நம்பர் வரும். சிவப்பு எழுத்தில் எரர் வந்தால் யாரையாவது கூப்பிட்டுக் கேட்போம். அழகான பார் சார்ட் வந்தால் அப்படியே மீட்டிங்குக்கு எடுத்துப் போய்விடுவோம்.

இதில் பணக் கணக்கை அதிகம் குழப்புவது ஜாயின், அதாவது இரண்டு டேபிள்களை இணைப்பது. ஆர்டர் டேபிளில் ஒரு ஆர்டருக்கு ஒரு ரோ. அந்த ஆர்டரில் உள்ள பொருட்கள் தனி டேபிளில், பொருளுக்கு ஒரு ரோ. 1,000 ரூபாய் ஆர்டரில் மூன்று பொருட்கள் இருந்தால், இரண்டு டேபிளையும் இணைத்ததும் அந்த ஆர்டர் மூன்று ரோவாக வரும். ஒவ்வொன்றிலும் 1,000 இருக்கும். கூட்டினால் 3,000. பேமெண்ட் டேபிளையும் சேர்த்து, அந்த ஆர்டருக்கு இரண்டு தவணையில் பணம் வந்திருந்தால் ஆறு ரோ, 6,000. எல்லா ஆர்டரும் இப்படி மூன்று மடங்கு, ஆறு மடங்கு ஆனால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் பல ஆர்டர்களில் ஒரே பொருள்தான் இருக்கும். அதனால் மொத்தம் ஓரளவுதான் கூடும், தீபாவளி சீசன் நன்றாகப் போனது என்று நம்பிவிடுகிற அளவுக்கு.

இதற்குச் சிலர் கண்டுபிடிக்கும் வைத்தியம் நோயைவிட மோசம்: தொகைக்கு முன்னால் டிஸ்டிங்க்ட் (ஒரே மதிப்பு திரும்ப வந்தால் ஒருமுறைதான் எடு என்ற கட்டளை) போடுவது. இரண்டு வெவ்வேறு வாடிக்கையாளர்கள் தலா 500 ரூபாய்க்கு வாங்கியிருந்தால் அதில் ஒரு 500 காணாமல் போகும். ஆர்டர் எண்ணிக்கைக்கு, ஆர்டர் ஐடி மேல் டிஸ்டிங்க்ட் போடலாம். தொகைக்குக் கூடாது. இணைப்பதற்கு முன் எத்தனை ரோ, இணைத்த பின் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். கூடியிருந்தால் பேமெண்ட் டேபிளை விட்டுவிட்டு, ஆர்டர் டேபிளின் தொகையைத் தொடாமல், பொருள் டேபிளில் உள்ள தொகையைக் கூட்டுங்கள்.

குறைவதும் உண்டு. மெட்டாபேஸில் கிளிக் செய்து இணைத்தால் லெஃப்ட் ஜாயின்தான் தானாக வரும்: இரண்டாவது டேபிளில் ஜோடி இல்லாவிட்டாலும் முதல் டேபிளின் எல்லா ரோவும் இருக்கும். கையால் எஸ்கியூஎல் (டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி) எழுதி வெறும் ஜாயின் என்று போட்டால் இன்னர் ஜாயின்: இரண்டிலும் ஜோடி உள்ள ரோக்கள் மட்டும்தான் வரும். வாடிக்கையாளர் டேபிளோடு ஆர்டர் டேபிளை அப்படி இணைத்தால், ஆர்டரே போடாத வாடிக்கையாளர் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் விழுந்துவிடுவார். லெஃப்ட் ஜாயின் போட்டுவிட்டு ஆர்டர் தேதியில் ஃபில்டர் வைத்தாலும் இதே கதைதான், ஆர்டர் இல்லாதவருக்கு அந்தத் தேதி காலியாக இருக்கும். 'ஆறு மாதமாக வாங்காதவர்கள் யார்' என்று தேடும் ரிப்போர்ட்டில் தேடப்படுபவர்களே இருக்க மாட்டார்கள்.

அடுத்து தேதி. பல அப்ளிகேஷன்கள் நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரம்) சேமிக்கின்றன. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். ஏப்ரல் 1 அதிகாலை 2 மணிக்கு வந்த ஆர்டர், டேட்டாபேஸில் மார்ச் 31 இரவு 8:30. ரிப்போர்ட்டின் டைம்சோன் சரியாக அமைக்கப்படவில்லை என்றால், அது போன நிதியாண்டில் போய்ச் சேரும். அக்கவுண்ட்ஸ் டீமோடு சண்டை அங்கிருந்து தொடங்கும். காலாண்டும் அப்படித்தான்: இந்தக் கருவிகள் பொதுவாக ஜனவரியிலிருந்து எண்ணும், நம் ஆபீஸில் முதல் காலாண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை. இன்னொன்று, எஸ்கியூஎல்லில் மார்ச் 1 முதல் மார்ச் 31 வரை என்று பிட்வீன் போட்டால், நேரமும் சேர்ந்த நெடுவரிசையில் 31-ஆம் தேதி தொடங்கும் நள்ளிரவு 12 மணியோடு கணக்கு நின்றுவிடும். 31-ஆம் தேதி விற்பனை முழுக்கப் போச்சு. ஏப்ரல் 1-க்கு முன்னால் என்று எழுதுவதே பாதுகாப்பு.

சரி, நம்பர் சரியாகவே வந்துவிட்டது. எக்செலுக்குக் கொண்டுபோகலாம் என்றால் அங்கேயும் கவனம் வேண்டும். மெட்டாபேஸ் திரையில் முதல் 2,000 ரோக்களைத்தான் காட்டும். அதைக் காப்பி செய்து கூட்டுபவர்கள் இருக்கிறார்கள். டவுன்லோட் செய்தாலும் ஒரு எக்செல் ஷீட் 10,48,576 ரோக்களுக்கு மேல் தாங்காது. பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் வெறும் 65,536. 2020-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை இந்தப் பழைய வடிவத்தில் மாட்டித்தான் ஏறக்குறைய 16,000 கொரோனா தொற்றுகளை நேரத்துக்குக் கணக்கில் சேர்க்காமல் விட்டது. சிஎஸ்வியை (கமாவால் பிரித்த டெக்ஸ்ட் ஃபைல்) நேராக எக்செலில் திறந்தால் 16 இலக்க அக்கவுண்ட் எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று சொல்லி இம்போர்ட் செய்யுங்கள்.

கருவியை நிறுவிக் கொடுப்பவருக்கும் கொஞ்சம். பில் போடும் லைவ் டேட்டாபேஸோடு இதை இணைக்காதீர்கள். ஒருவர் ஐந்து வருட டேட்டாவை ஒரே குவெரியில் இழுத்தால் கவுண்டரில் வரிசை நிற்கும். படிக்க மட்டும் அனுமதி உள்ள யூசர், ரெப்ளிகா (லைவ் டேட்டாபேஸின் தனி நகல்), குவெரிக்கு ஒரு நேர வரம்பு, இவை போதும். சர்வரை விபிஎன்னுக்குள் (அனுமதி உள்ளவர்கள் மட்டும் நுழையும் தனி நெட்வொர்க்) வையுங்கள். 2023 ஜூலையில் மெட்டாபேஸில் லாகின் இல்லாமலேயே சர்வரில் கட்டளை ஓட்டக்கூடிய ஓட்டை ஒன்று வெளிவந்தது. அந்த மாதிரி நாட்களில், இணையத்தில் திறந்து கிடக்கும் சர்வரை வைத்திருப்பவருக்குத் தூக்கம் கிடையாது.

எந்தக் கருவியும் தானாகத் தீர்க்காத தவறு ஒன்று பாக்கி. 'மாத விற்பனை' என்ற பெயரிலேயே ஐந்து ரிப்போர்ட்கள் இருக்கும், ஐந்திலும் ஐந்து நம்பர். ஒன்றில் ஆர்டர் தேதி, இன்னொன்றில் இன்வாய்ஸ் தேதி. ஒன்றில் ஜிஎஸ்டி சேர்த்து, ஒன்றில் சேர்க்காமல். திரும்பி வந்த சரக்கை ஒருவர் கழித்திருப்பார், இன்னொருவர் மறந்திருப்பார். ஒவ்வொன்றும் தன்னளவில் சரி என்பதால் எது தப்பு என்று நிரூபிக்கவும் முடியாது. எது கம்பெனியின் கணக்கு என்று விற்பனை, அக்கவுண்ட்ஸ் இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவு செய்து, அதை மெட்டாபேஸில் ஒரே மாடலாக, அதாவது தயார் செய்த பொது டேபிளாக வைத்து, எல்லோரும் அதிலிருந்து எடுக்கட்டும். எந்தத் தேதி, வரி உண்டா, ரிட்டர்ன் கழித்ததா, ஒரு ரோ என்றால் என்ன என்பதை அதன் டிஸ்கிரிப்ஷன் பெட்டியிலேயே எழுதிவையுங்கள். மற்ற நான்கையும் ஆர்க்கைவுக்கு அனுப்பிவிடலாம்.