சாமி காசுக்கும் கணக்கு உண்டு: அறப்பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“சாமி காசுக்கு யார் கணக்குக் கேட்கப் போகிறார்கள்?” நம் நிர்வாகக் குழுக்களில் இந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. சிங்கப்பூரின் டேங்க் ரோட்டில் 1859இல் தெண்டாயுதபாணி கோயிலை எழுப்பிய நகரத்தார் கொடுக்கல் வாங்கல் தொழில் செய்தவர்கள். தொழிலில் மகமை என்று ஒரு பங்கை ஒதுக்கிச் சாமிக்கு வைத்தவர்கள், அதையும் பேரேட்டில் ஏற்றித்தான் வைத்தார்கள்.

கணக்குக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 2005இல் பார்த்தோம். தேசிய சிறுநீரக அறநிறுவனத் தலைமை நிர்வாகியின் ஆண்டுச் சம்பளம் சுமார் 600,000 வெள்ளி, தங்க முலாம் பூசிய தண்ணீர்க் குழாய் என எல்லாம் வெளியே வந்தது, அந்தத் தரப்பே தொடுத்த அவதூறு வழக்கில்தான்! அதன்பிறகே 2007இல் அறநிறுவனங்களுக்கான நிர்வாக நெறிமுறை வந்தது. சிட்டி ஹார்வெஸ்ட் தேவாலய நிதி முறைகேட்டு வழக்கில் ஆறு பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது 2015இல். சம்பந்தப்பட்ட தொகை சுமார் 50 மில்லியன் வெள்ளி. ஊழியத்துக்காகத்தான் செய்தோம் என்ற வாதம் நீதிமன்றத்தில் எடுபடவில்லை.

இங்கே சிறிய அளவில் நடப்பது வேறு மாதிரி. அன்னதானத்துக்கு அரிசி செயலாளரின் மைத்துனர் கடையிலிருந்து வரும். விலை நியாயமாகவே இருக்கலாம். ஆனாலும் உறவைக் கூட்டக் குறிப்பில் பதிந்து, வேறு இரண்டு கடைகளில் விலை கேட்டு, குழு முடிவெடுக்கும்போது செயலாளர் ஒதுங்கி நிற்க வேண்டும். மனஸ்தாபம் வருமே என்று தயங்கினால் பின்னால் பெரிய மனஸ்தாபம் வரும்.

அதிகம் பேர் மாட்டுவது தமிழ்நாட்டுச் சொந்த ஊர்க்கோயில் கும்பாபிஷேக வசூலில். பாதி எழும்பிய கோபுரத்தின் படம், கீழே பணம் அனுப்ப ஒருவரின் சொந்த பேநவ் (கைபேசிப் பணப் பரிமாற்ற) எண், வாட்ஸ்அப்பில் ஐம்பது குழுக்களுக்குப் பறக்கும். நல்ல மனசுதான், சரி. ஆனால் வெளிநாட்டு அறப்பணிக்கு இங்கே பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும், திரட்டியதில் குறைந்தது 80 விழுக்காடு சிங்கப்பூரிலேயே செலவாக வேண்டும் என்பது பொது விதி. உங்கள் கைக்காசை ஊருக்கு அனுப்புவது வேறு விஷயம்.

அப்புறம் வரிக்கழிவு. பதிவுபெற்ற அறநிறுவனம் எல்லாவற்றுக்கும் அது கிடையாது. ஐபிசி (பொதுநல அமைப்பு) தகுதி இருந்தால்தான் 100 வெள்ளி நன்கொடைக்கு வரிக்குரிய வருமானத்தில் 250 வெள்ளி கழியும். அர்ச்சனைச் சீட்டை வைத்துக் கேட்க முடியாது.