ஏடி சிஎஸ் ஓட்டைகளைக் கண்காணிப்பது எப்படி: பேட்ச் போட்டதோடு வேலை முடியாது

விண்டோஸ் சர்வரோடு சேர்ந்தே வருவதால், டிஜிட்டல் சான்றிதழ்களை வழங்கும் ஆக்டிவ் டைரக்டரி சர்ட்டிஃபிகேட் சர்வீசஸை (சுருக்கமாக ஏடி சிஎஸ்) ஒருமுறை நிறுவிவிட்டுப் பல அலுவலகங்கள் மறந்துவிடுகின்றன. ஆனால் அது தரும் சான்றிதழைக் காட்டி, கடவுச்சொல் இல்லாமலேயே டொமைனுக்குள் (அலுவலகக் கணினிகளும் பயனர் கணக்குகளும் அடங்கிய வலையமைப்புக்குள்) நுழையலாம். இங்கே ஒரு ஓட்டை என்றால் மொத்த டொமைனும் போய்விடும்.

முதலில் கையிருப்பை எழுதுங்கள். சான்றிதழ் வழங்கும் சர்வர்கள் எவை, அவற்றில் வெப் என்ரோல்மென்ட் (இணையப் பக்கம் வழியாகச் சான்றிதழ் கேட்கும் வசதி) ஓடுகிறதா, எந்த டெம்ப்ளேட்டுகள் (சான்றிதழ் எப்படி இருக்கவேண்டும் என்று சொல்லும் மாதிரிகள்) வெளியிடப்பட்டுள்ளன, ஒவ்வொன்றின் ஸ்கீமா பதிப்பு (டெம்ப்ளேட் வடிவத்தின் பதிப்பு எண்) என்ன, விண்ணப்பிக்கும் உரிமை யாருக்கு. இந்தப் பட்டியல் இல்லாவிட்டால், புதிய ஓட்டை அறிவிக்கப்படும் அன்று "இது நமக்குப் பொருந்துமா" என்பதற்கே இரண்டு நாள் போய்விடும்.

மைக்ரோசாஃப்ட் மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று திருத்தங்களை (பேட்ச்) வெளியிடுகிறது. இந்திய நேரப்படி அது இரவு 10.30 அல்லது 11.30 மணி, ஆகவே புதன் காலையை இதற்கென ஒதுக்குங்கள். அந்நிறுவனத்தின் ஓட்டைப் பட்டியலான செக்யூரிட்டி அப்டேட் கைடில் தேடும்போது "சர்ட்டிஃபிகேட் சர்வீசஸ்" என்று மட்டும் வடிகட்டினால் ஏமாந்துபோவீர்கள். 2022 மே 10 அன்று திருத்தப்பட்ட சிவிஇ-2022-26923 (சிவிஇ என்பது ஓட்டைகளுக்குத் தரப்படும் பொது அடையாள எண்), சான்றிதழ் வழியாக, உள்நுழைவுகளைச் சரிபார்க்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலராகவே வேடமிட வழிசெய்த ஓட்டை. ஆனால் அது "டொமைன் சர்வீசஸ்" என்ற தலைப்பில் வந்தது. அதோடு சேர்ந்த சிவிஇ-2022-26931 கெர்பரோஸ் (டொமைனின் உள்நுழைவு நெறிமுறை) தலைப்பில் இருந்தது. சர்வரையே தாக்குபவரிடம் உள்நுழையவைக்கும் 2021-இன் பெட்டிட்போட்டம் தாக்குதலுக்கான சிவிஇ-2021-36942-ஐ எல்எஸ்ஏ (விண்டோஸின் உள்நுழைவுப் பாதுகாப்புப் பகுதி) தலைப்பில்தான் காண முடியும். ஆகவே இந்த நான்கு சொற்களையும் வைத்துத் தேடுங்கள்.

அமெரிக்க அரசின் ஓட்டைத் தரவுத்தளமான என்விடியை மட்டும் நம்பவேண்டாம். 2024 பிப்ரவரியிலிருந்து, பாதிக்கப்பட்ட பதிப்பு விவரங்களைச் சேர்க்கும் வேலை அங்கே வெகுவாகத் தேங்கியது. அதை நம்பி ஓடும் ஸ்கேனர் "ஒன்றும் இல்லை" என்று சொன்னால், அது இல்லாததால் சொல்கிறதா, தெரியாததால் சொல்கிறதா? மைக்ரோசாஃப்டின் அறிவிப்பை முதலிலும், அமெரிக்க இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா, தாக்குதலில் பயன்படுவதாக உறுதியான ஓட்டைகளுக்கு வைத்திருக்கும் கேஇவி பட்டியலை அடுத்தும் பாருங்கள்.

சிவிஇ எண்ணே இல்லாத ஓட்டைகள்தான் பெரிய தலைவலி. 2021 ஜூனில் ஸ்பெக்டர்ஆப்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தார் இஎஸ்சி1 முதல் இஎஸ்சி8 வரை பெயரிட்டவற்றில் பெரும்பாலானவை அமைப்புத் தவறுகள், பேட்சால் தீராதவை. இஎஸ்சி1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: விண்ணப்பிப்பவரே சான்றிதழில் பெயரைக் குறிப்பிடலாம், சான்றிதழ் உள்நுழைவுக்குச் செல்லுபடியாகும், சாதாரண பயனருக்கும் விண்ணப்ப உரிமை உண்டு, மேலாளர் ஒப்புதல் தேவையில்லை. நான்கும் ஒரே டெம்ப்ளேட்டில் சேர்ந்தால், யார் வேண்டுமானாலும் நிர்வாகி ஆகலாம். இத்தவறுகளைத் தேடும் லாக்ஸ்மித் அல்லது சர்டிபை போன்ற கருவியை மாதம் ஒருமுறையும், டெம்ப்ளேட்டில் கை வைக்கும் ஒவ்வொரு முறையும் ஓட்டுங்கள். சிவிஇ எண், அமைப்புத் தவறு இரண்டும் கலந்த உதாரணம் 2024 நவம்பரில் திருத்தப்பட்ட சிவிஇ-2024-49019: பதிப்பு 1 டெம்ப்ளேட்டில் பெயரை விண்ணப்பிப்பவரே தரலாம் என்றிருந்து, உரிமையும் பலருக்குத் திறந்திருந்தால்தான் அது கடிக்கும். கையிருப்புப் பட்டியலில் ஸ்கீமா பதிப்பை எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

பேட்ச் போட்ட நாளும் ஓட்டை அடைபட்ட நாளும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. 2022 மே திருத்தம், சான்றிதழைக் கணக்கின் எஸ்ஐடியோடு (தனி அடையாள எண்ணோடு) இறுக்கமாகப் பிணைத்தது. ஆனால் முதலில் வந்தது இணக்க முறைதான்: பிணைப்பு இல்லாத சான்றிதழையும் உள்ளே விட்டுவிட்டு, பதிவு மட்டும் எழுதும். முழு அமலாக்கம் தள்ளிப்போய், 2025 பிப்ரவரி 11-இல்தான் இயல்பானது. மைக்ரோசாஃப்டின் கேபி 5014754 போன்ற உதவி ஆவணங்களின் தேதிகள் மாறிக்கொண்டே இருக்கும். மாதாமாதம் திறந்து பாருங்கள். டொமைன் கன்ட்ரோலர்களின் சிஸ்டம் பதிவில் 39, 40, 41 எண்ணுள்ள நிகழ்வுகள் தெரிந்தால், முழு அமலாக்கத்தில் அந்தக் கணக்குகள் வெளியே நிற்கும். பெரும்பாலும் சிக்குபவை, பெயரை விண்ணப்பிப்பவரே தரும் டெம்ப்ளேட்டில் வாங்கியவை. அவற்றில் எஸ்ஐடி தானாகச் சேராது.

அதற்காகச் சோதிக்காமல் பேட்ச் போடவும் கூடாது. அதே 2022 மே திருத்தத்தை டொமைன் கன்ட்ரோலரில் போட்ட பல இடங்களில் ரேடியஸ், இஏபி (வைஃபை, விபிஎன் போன்றவற்றில் பயனரைச் சரிபார்க்கும் நெறிமுறைகள்) வழி உள்நுழைவுகள் விழுந்தன. இதனால் சிசாவே, அதே திருத்தத்தில் அடங்கிய சிவிஇ-2022-26925-ஐத் தற்காலிகமாகக் கேஇவி பட்டியலிலிருந்து எடுத்தது; மே 19 அன்று அவசரத் திருத்தம் வந்தது. சோதனைச் சூழலில் ஸ்மார்ட் கார்டு, வைஃபை, விபிஎன் மூன்றையும் சான்றிதழோடு ஒருமுறை உள்நுழைந்து பார்த்தபின் உற்பத்திச் சூழலுக்குப் போங்கள்.

பதிவேட்டில் ஒவ்வொரு ஓட்டைக்கும் பேட்ச் தேதி, அமலாக்கத் தேதி, மாற்றிய டெம்ப்ளேட் ஆகியவற்றோடு இன்னொரு கட்டமும் வேண்டும்: ஓட்டை திறந்திருந்த காலத்தில் வழங்கிய சான்றிதழ்களை ஆராய்ந்தாயிற்றா? தாக்கியவர் அப்போதே வாங்கிவைத்தது, பயனரின் கடவுச்சொல்லை மாற்றினாலும் காலாவதி வரை செல்லுபடியாகும். வழங்கல் தரவுத்தளத்தில் விண்ணப்பித்தவர் பெயரும் சான்றிதழில் உள்ள பெயரும் ஒத்துப்போகாத வரிகளைத் தேடி, காரணம் சொல்ல முடியாதவற்றை ரத்து செய்த பிறகே அந்தப் பதிவை மூடுங்கள்.