பாஸில் மிரட்டும் அணியை மடக்க: நாலு பேர் ஓடட்டும், ஏழு பேர் காக்கட்டும்

அமெரிக்கன் ஃபுட்பாலில் எதிரணி குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஒரு ஆட்டத்துக்கு 300 யார்டு சர்வசாதாரணமாக எறிகிறவர் என்று தெரிந்ததுமே பல டிஃபென்ஸ் கோச்சுகளின் கை நேராக பிளிட்ஸ் (வழக்கத்தைவிட அதிகம் பேரை குவாட்டர்பேக் மீது பாய அனுப்புவது) பக்கம்தான் போகிறது. ஆறு பேரை அனுப்பு, ஏழு பேரை அனுப்பு, ஆளைப் பதற வை. சுமாரான குவாட்டர்பேக்கிடம் இது பலிக்கும். தேர்ந்த ஆளிடம் பலிக்காது, ஏனென்றால் ஆறு பேர் முன்னால் ஓடினால் பின்னால் ஐந்து பேர்தான் மிச்சம், எந்த இடம் காலியாகப் போகிறது என்று அவருக்கு ஸ்னாப்புக்கு (பந்து அவர் கைக்கு வந்து ஆட்டம் தொடங்கும் கணம்) முன்னாலேயே தெரியும், நம் ஆள் பாதி வழி போவதற்குள் பந்து அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

அதனால் நான் அடித்துச் சொல்வது இதுதான்: நாலு பேரை வைத்தே நெருக்கப் பாருங்கள், ஏழு பேர் பின்னால் நிற்கட்டும். எதிரணி அதிகபட்சம் ஐந்து பேரைத்தான் பாஸ் பிடிக்க அனுப்ப முடியும், காக்க நம்மிடம் ஏழு பேர். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் இறுதிப்போட்டி சூப்பர் பௌல். 2025 பிப்ரவரி சூப்பர் பௌலில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ், கான்சாஸ் சிட்டி குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸுக்கு எதிராக ஒரு பிளிட்ஸ்கூட அனுப்பவில்லை. ஆனாலும் ஆறு சாக் (எறிவதற்குள் குவாட்டர்பேக்கைச் சாய்ப்பது), 40-22 வெற்றி.

"அவர்களிடம் அப்படிப்பட்ட நாலு பேர் இருந்தார்கள், என்னிடம் இல்லையே" என்று கேட்பீர்கள். சரி, இருப்பவர்களை இடம் மாற்றிப் பாருங்கள். எதிரணியின் ஐந்து பிளாக்கர்களில் பலவீனமானவர் யார் என்று வீடியோவில் கண்டுபிடித்து, உங்கள் வேகமான ஆளை அவருக்கு நேர் எதிரே நிறுத்துங்கள். 2007 சீசனில் 18 ஆட்டங்களையும் ஜெயித்து, அதன் குவாட்டர்பேக் டாம் பிரேடி 50 டச் டவுன் (பந்தை எதிரணியின் கடைசி எல்லைக்குள் கொண்டு சேர்ப்பது) பாஸ் எறிந்திருந்த நிலையில் சூப்பர் பௌலுக்கு வந்த நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸை நியூயார்க் ஜயண்ட்ஸ் 17-14 என்று சாய்த்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. முன்வரிசையின் ஓரத்தில் டிஃபென்சிவ் எண்டாக ஆடும் ஜஸ்டின் டக்கைப் பல தடவை உள்ளே, கார்டுக்கு (நடுவுக்குப் பக்கத்தில் நிற்கும் பிளாக்கர்) எதிரே நிறுத்தினார்கள். கனமான கார்டால் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. பிரேடி அன்று ஐந்து முறை சாக் ஆனார். ஓரத்திலிருந்து மட்டும் நெருக்கினால் குவாட்டர்பேக் இரண்டு அடி முன்னால் நகர்ந்து நிதானமாக எறிவார். நேர் எதிரே ஒரு ஆள் வந்து முட்டினால் நகர இடமில்லை, அதனால் நடுவிலிருந்து வரும் நெருக்கடிதான் அவருக்கு அதிகம் வலிக்கும்.

இன்னொரு வழி, ஆறு பேரைக் கோட்டில் நிறுத்திக் காட்டிவிட்டு நாலு பேரை மட்டும் அனுப்புவது. ஒரு லைன்பேக்கர் (முன்வரிசைக்குச் சற்றுப் பின்னால் ஆடுபவர்) உள்ளே பாய, எதிர்ப்பக்க எண்ட் பின்வாங்கிக் குறுக்கே வரும் சின்ன பாஸின் வழியில் போய் நிற்பார். பிளாக்கர்கள் தவறான ஆளைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், நம் ஏழு பேர் அப்படியே இருப்பார்கள்.

இப்போது பின்வரிசை. லைன்பேக்கர் ஒருவரை வெளியே எடுத்து ஐந்தாவது டிஃபென்சிவ் பேக்கை (பாஸைக் காக்கும் பின்வரிசை ஆள்) கொண்டு வாருங்கள், அதாவது நிக்கல். பாஸ் அணிக்கு எதிராக இதையே உங்கள் வழக்கமான அமைப்பாக வைத்துக்கொள்ளலாம். இரண்டு சேஃப்டிகளும் (எல்லாருக்கும் பின்னால் நிற்கும் காவலர்கள்) ஆழத்தில் நிற்கட்டும், நீளமான பந்து போகாது. இதில் இருக்கும் ஓட்டை, லைன்பேக்கர்களுக்குப் பின்னால், சேஃப்டிகளுக்கு நடுவில். அங்கே ஒரு டைட் எண்ட் (பிளாக்கும் செய்து பாஸும் பிடிப்பவர்) புகுந்து புகுந்து பிடிக்கிறார் என்றால் நடு லைன்பேக்கரை ஸ்னாப் ஆனதும் திரும்பி ஆழத்துக்கு ஓடச் சொல்லுங்கள்.

அமைப்பைவிட முக்கியம் அதை மறைப்பது. ஸ்னாப்புக்கு முன் இரண்டு சேஃப்டிகள் ஆழத்தில். பந்து குவாட்டர்பேக் கைக்கு வந்த கணத்தில் ஒருவர் நடுவுக்கு நகர, மற்றவர் கீழே இறங்குகிறார். இப்போது குவாட்டர்பேக்கின் கையைப் பாருங்கள்: எறியத் தூக்கிய பந்தை எறியாமல் நிறுத்தி, மற்றக் கையால் ஒரு தட்டு தட்டுவார். அந்த ஒரு தட்டுக்குத்தான் இவ்வளவு பாடும். நாலு பேர் வந்து சேர அந்த அரை நொடி போதும். ஆனால் சேஃப்டி அவசரப்பட்டு ஸ்னாப்புக்கு முன்னாலேயே நகர்ந்தால் எல்லாம் வீண், அதைப் பயிற்சியில் விடாமல் திருத்துங்கள்.

கார்னர்பேக்குகளும் (ஓரத்தில் ரிசீவர்களைக் காப்பவர்கள்) அரை நொடி சம்பாதிக்கலாம். என்எஃப்எல் விதிப்படி கோட்டிலிருந்து முதல் 5 யார்டுக்குள் ரிசீவரைத் தடுத்துத் தள்ளலாம். தாண்டித் தொட்டால் 5 யார்டு அபராதமும் ஆஃபென்ஸுக்கு புது முதல் டவுனும் (பத்து யார்டு முன்னேற மறுபடி நாலு வாய்ப்பு) போகும். இதில் எல்லாரும் செய்யும் தப்பு, கையை முதலில் நீட்டுவது. கால் முதலில் நகர வேண்டும், பக்கவாட்டில் சின்னச் சின்ன அடியாக, ரிசீவரின் இடுப்பைப் பார்த்துக்கொண்டே. அவர் எந்தப் பக்கம் போகிறார் என்று உறுதியான பிறகே அந்தப் பக்கத்துக் கை நெஞ்சில் படவேண்டும். ஜெர்சியைப் பிடிக்கக் கூடாது.

அப்புறம் மனதைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டிய ஒன்று: சின்ன பாஸ்களைப் பிடிப்பார்கள். பிடிக்கட்டும். 2014 பிப்ரவரி சூப்பர் பௌலில் டென்வர் குவாட்டர்பேக் பேட்டன் மேனிங் 34 பாஸ்களைச் சேர்த்தார், அதுவரை சூப்பர் பௌலில் யாரும் அத்தனை சேர்த்ததில்லை. ஸ்கோர் சியாட்டில் 43, டென்வர் 8. அந்த சீசனில் 606 புள்ளி குவித்த அணி அது! சியாட்டில் ஆட்கள் பந்து பிடித்த இடத்திலேயே ஆளைச் சாய்த்தார்கள், கூடுதல் யார்டு அதிகம் கிடைக்கவில்லை. எனவே டேக்கிள் பயிற்சிக்கு நேரம் ஒதுக்குங்கள், முதல் ஆள் காலைக் கட்டிப் பிடித்து நிறுத்த, மற்றவர்கள் ஓடி வந்து சேர வேண்டும். கடைசி 20 யார்டுக்குள் வந்துவிட்டால் நீளமாக எறிய இடமும் இருக்காது. அங்கே டச் டவுனை மறுத்து மூன்று புள்ளியோடு அனுப்பினால் அது உங்களுக்கு லாபம்.

இடையில் எதிரணி எறிவதை விட்டுப் பந்தோடு ஓட ஆரம்பித்தால் பதற வேண்டாம். மூன்று, நாலு யார்டு ஓட்டம் பாஸ் அணிக்கு விருப்பமான வழியில்லை. அதுவே ஆறு, ஏழு யார்டாக மாறினால் ஒரு சேஃப்டியைக் கீழே இறக்குங்கள்.

பிளிட்ஸே கூடாதா? வேண்டும், அளவாக. மூன்றாவது டவுனில் தூரம் அதிகம் இருக்கும்போது, அதுவரை ஓடாத ஒருவரை, ஸ்லாட் கார்னரை (உள்பக்க ரிசீவரைக் காப்பவர்), ஆட்டத்துக்கு இரண்டு மூன்று தடவை அனுப்புங்கள். பழகிப்போனால் குவாட்டர்பேக் அதற்கும் பதில் வைத்திருப்பார்.

பயிற்சியில் ஒரு ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்னாப்பிலிருந்து பந்து கையை விட்டுப் போகும் வரை எண்ணுங்கள். இரண்டரை நொடிக்கு முன்பே வசதியாக எறிந்துவிடுகிறார் என்றால் கார்னர்கள் தள்ளி நிற்கிறார்கள், இன்னும் நெருங்கி நிற்கச் சொல்லுங்கள். மூன்று நொடி தாண்டியும் மேலே யாரும் வராமல் நின்று எறிகிறார் என்றால் பின்வரிசையைத் திட்டாதீர்கள், முன்னால் உள்ள நாலு பேரோடு போய் உட்காருங்கள்.