ண வரலையா? "வண்டி"ல இருந்து ஆரம்பிங்க

ண சொல்லுங்கன்னா நிறைய பேர் ன-வையே கொஞ்சம் அழுத்தி சத்தமா சொல்றாங்க, அது ண ஆகாது. அழுத்தம் இங்க மேட்டரே இல்ல, நாக்கு நுனி எங்க போய் தொடுதுங்கறதுதான் மேட்டர்.

முதல்ல மெதுவா "வண்டி"ன்னு சொல்லுங்க. இதுல ண் தானாவே வந்துடும், ஏன்னா பின்னாடி வர்ற ட-வுக்காக நாக்கு முன்கூட்டியே மேல மடங்கிடுது. ண-வுக்கு டண்ணகரம்னு பேரு, ன-வுக்கு றன்னகரம், பேர்லயே பக்கத்துல யாரு நிக்கிறாங்கன்னு சொல்லிட்டாங்க, எனக்கு இது ரொம்ப பிடிச்ச விஷயம்.

அடுத்து அதே வார்த்தையை பாதியில நிறுத்துங்க, "வண்ண்ண்ண்...", டி-க்கு போகாதீங்க. இப்ப நாக்கு நுனி எங்க இருக்குன்னு கவனிங்க. மேல்பல்லுக்குப் பின்னாடி ஈறு மேடா இருக்கும்ல, ன அந்த மேட்டுலயே நின்னுடும், ண-வுக்கு நுனி அதைத் தாண்டி அண்ணம் குழியா ஏறுற இடத்துக்குப் போகணும். ரொம்ப சுருட்டாதீங்க, நாக்கு வலிச்சா ஓவரா மடக்குறீங்கன்னு அர்த்தம். சத்தத்தை இழுத்துக்கிட்டே மூக்கைப் பொத்திப் பாருங்க, டக்குன்னு நின்னுச்சுன்னா காத்து சரியா மூக்கு வழியாதான் போகுது.

இப்ப டி-க்குப் பதிலா அ போடுங்க, "வண்ண்ண்...அ". நாக்கு அங்க இருந்து முன்பக்கமா வந்து கீழ இறங்கும். "வண்ணம்" வந்தாச்சு!

அப்புறம் ஒத்தை ண. மனம்-மணம், பனி-பணி, ஆனி-ஆணி, ஜோடி ஜோடியா போன்ல ரெக்கார்ட் பண்ணி கேளுங்க. முன்னாடி இருக்கற உயிரெழுத்தை விழுங்கிடாதீங்க, நாக்கு மடங்க ஆரம்பிக்கறப்பவே அந்த உயிரோட ஓசை மாறிடுது, கேக்கறவங்க காது பாதி அடையாளத்தை அங்கதான் பிடிக்குது. வார்த்தையோட முதல்ல அந்த உதவி கிடையாது, தமிழ்லயும் ண-வுல சொல் ஆரம்பிக்காது, ஆஸ்திரேலியப் பழங்குடி மொழிகள் நிறையத்துல நடுவுல ண-ன வித்தியாசம் தெளிவா இருக்கும், ஆனா சொல்லோட ஆரம்பத்துல ரெண்டும் ஒண்ணாயிடும்.

மத்த மொழி கத்துக்கறவங்களுக்கும் இது யூஸ் ஆகும். தண்ணிக்கு ஹிந்தில "பானி", பஞ்சாபி, மராத்தி, குஜராத்தில "பாணி". வங்காளத்துல எழுத்து தனியா இருக்கு, ஆனா உச்சரிப்பு ன-தான். ஸ்வீடிஷ், நார்வேஜியன்ல பெரும்பாலான வட்டாரங்கள்ல ர்-உம் ன்-உம் சேர்ந்து வந்தா ஒரே ண் ஆயிடும். குழந்தைக்கு அவங்க எழுதறது "பார்ன்", நீங்க அதை "பாண்"னு சொன்னாலே கிட்டத்தட்ட அவங்க சொல்ற மாதிரியே இருக்கும்.