கண்புரை சிகிச்சைக் கழிவு: ஆபரேஷன் தியேட்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்புரை அறுவை சிகிச்சையில் கண்ணுக்குள் போவது 6 மில்லிமீட்டர் அகல லென்ஸ். அதற்காகப் பிரித்துப் போடும் ட்ரேப் (நோயாளி மேல் விரிக்கும் துணி), கவுன், கையுறை, டியூப், மெஷினில் மாட்டும் கேசட், அட்டைப்பெட்டி எல்லாம் சேர்ந்தால் ஒரு பெரிய கவரே நிறைந்துவிடும். உலகில் அதிகம் நடக்கும் அறுவை சிகிச்சைகளில் இது ஒன்று. அதனால் ஒவ்வொரு கவருக்கும் கணக்கு உண்டு.

எதையும் ஒருமுறை பயன்படுத்தி எறிந்தால்தான் நோயாளிக்குப் பாதுகாப்பு என்று நினைப்பதுதான் முதல் தவறு. மற்ற பல தவறுகளும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. பிரிட்டனின் கார்டிஃப் நகரில் ஒரு பேக்கோ (புரையை ஒலி அதிர்வால் உடைத்து உறிஞ்சும் முறை) சிகிச்சைக்கு 180 கிலோவுக்கு மேல் கார்பன் வெளியேற்றம் என்று 2013-ல் வந்த ஆய்வு கணக்கிட்டது. அதில் பாதிக்கு மேல் வாங்கும் பொருட்களால் வருவது. அரவிந்த் கண் மருத்துவமனையில் அதே சிகிச்சைக்குச் சுமார் 6 கிலோதான், கழிவு 250 கிராம் என்று 2017-ல் வந்த ஆய்வு சொன்னது. இரண்டு கணக்கிலும் சேர்த்தவை ஒன்றல்ல. அதைச் சரிசெய்து பார்த்தாலும் பிரிட்டன் அளவில் சுமார் 5 சதவீதம்தான். அரவிந்தில் கருவிகளைக் குறுகிய நேர ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) வைத்து மறுபடி எடுக்கிறார்கள், ஒரு சொட்டு மருந்து பாட்டிலைப் பல நோயாளிகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். அப்படியானால் தொற்று கூடவில்லையா? அரவிந்தின் 6 லட்சம் அறுவை சிகிச்சைகளை அலசிய இன்னொரு ஆய்வில், கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக் செலுத்தத் தொடங்கிய பிறகு உட்கண் தொற்று 0.07 சதவீதத்திலிருந்து 0.02 ஆகக் குறைந்திருந்தது. பணக்கார நாடுகளுக்கு இது எந்த வகையிலும் சளைத்ததல்ல.

சரி, இதைக் கேட்டுவிட்டு எதை வேண்டுமானாலும் கழுவி எடுத்து வைப்பது அதைவிடப் பெரிய தவறு. கண்ணுக்குள் திரவம் செலுத்தும் மெல்லிய குழலான கேனுலாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் துவாரம் ஊசிமுனை அளவுதான். சிகிச்சை முடிந்து அதைத் தட்டிலேயே போட்டுவைத்தால் உள்ளே இருக்கும் விஸ்கோ (சிகிச்சையில் பயன்படும் ஜெல்) காய்ந்து ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஆட்டோகிளேவில் வைத்தாலும் ஒட்டியது போகாது. அது அடுத்தவர் கண்ணுக்குள் போனால் டாஸ் எனப்படும் கடும் அழற்சி வரலாம். கையை விட்டு இறங்கியதுமே சுத்தமான நீரைப் பீய்ச்சி அலச வேண்டும். இந்த ஒழுங்கும், ஒவ்வொரு தொற்றையும் பதிவு செய்யும் பழக்கமும் இல்லாத இடத்தில் மறுபயன்பாட்டைப் பற்றிப் பேசவே கூடாது.

கழிவைப் பிரிப்பதில் நடக்கும் தவறு எல்லாருக்கும் தெரிந்ததுதான்: அவசரத்தில் எல்லாமே மஞ்சள் கவருக்குப் போகும். இந்தியாவின் 2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி ரத்தம் பட்ட பஞ்சும் துணியும் மஞ்சளுக்கு, டியூபும் கையுறையும் சிவப்புக்கு, பிளேடும் ஊசியும் குத்தினாலும் ஓட்டை விழாத வெள்ளை டப்பாவுக்கு, கண்ணாடி நீலத்துக்கு. மஞ்சளில் விழுந்தது பெரும்பாலும் எரியூட்டிக்குத்தான். பிவிசி டியூப் அங்கே போனால் டையாக்ஸின் என்ற நச்சு உருவாக வாய்ப்பு உண்டு. லென்ஸ் பெட்டியின் அட்டையும், பல மொழிகளில் அச்சிட்ட தடித்த விளக்கப் புத்தகமும் யார் ரத்தமும் படாதவை. அவற்றை ஏன் எரிக்க வேண்டும்? நோயாளி உள்ளே வருவதற்கு முன்பே, தியேட்டருக்கு வெளியே அந்த அட்டைப்பெட்டிகளைப் பிரித்துவிட்டால் நேராகப் பழைய காகிதத்தோடு சேர்த்துவிடலாம்.

'எதற்கும் இருக்கட்டும்' என்று முன்கூட்டியே எல்லாவற்றையும் திறந்து வைப்பதும் அப்படித்தான். அமெரிக்காவில் சில தியேட்டர்களில் அளந்து பார்த்து 2019-ல் வெளியிட்ட ஆய்வில், பேக்கோவுக்கு எடுத்த மருந்தின் மொத்த அளவில் 45 சதவீதம் பயன்படாமலே போனது. சொட்டு மருந்தில் மட்டும் 65 சதவீதத்துக்கு மேல். நிறுவனம் கட்டி அனுப்பும் தயார்நிலைப் பேக்கில் நம் சர்ஜன் தொடவே தொடாத பொருள் என்ன இருக்கிறது என்று சிஸ்டருக்குத்தான் நன்றாகத் தெரியும். அவரைக் கேட்டு, அதை நீக்கித் தரும்படி நிறுவனத்திடம் சொல்லுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத கழிவும் ஒன்று உண்டு, விழித்திரை சிகிச்சையில் பயன்படும் வாயு. அப்படி ஒரு வாயுவான எஸ்எஃப்6 (சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு) கார்பன் டை ஆக்சைடை விட 20,000 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடியது. கண்ணுக்குத் தேவைப்படுவது சில மில்லிலிட்டர்தான். அதற்காக சிலிண்டரைத் திறந்து மிச்சத்தை அறையில் விட்டுவிடும் வழக்கம் நிற்க வேண்டும். ஒரு நோயாளிக்கு வாயு வேண்டுமா, வெறும் காற்றே போதுமா என்பதை அறுவைக்கு முன்பே டாக்டர் முடிவு செய்துவிட்டால், பல நாட்களில் சிலிண்டரைத் திறக்க வேண்டிய தேவையே வராது.