ஓ.ஆர்.எஸ். கலக்கும்போது எங்கே தவறுகிறோம்?

பேதியின்போது தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொடிதான் ஓ.ஆர்.எஸ். மருந்துக்கடையில் இது இரண்டு அளவுகளில் கிடைக்கிறது. ஏறத்தாழ 21 கிராம் உள்ள பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. நாலு கிராமைச் சற்றுத் தாண்டும் சின்னது 200 மில்லிக்கு. பெரியதை வாங்கிவந்து ஒரே டம்ளரில் கொட்டிக் கலக்குவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான தவறு. உப்பு ஐந்து மடங்காகிவிடும். அதைக் கைக்குழந்தைக்குப் புகட்டினால் ரத்தத்தில் சோடியம் எகிறி, வலிப்பு வரைக்கும் போகலாம்.

டம்ளருக்கு ஒரு ஸ்பூன் என்று பிரித்துப் போடுவதும் கூடாது. ஸ்பூன் அளவு கைக்குக் கை மாறும். முழு பாக்கெட்டையும் ஒரே தடவையில், காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்துவிடுங்கள். காலி ஒரு லிட்டர் பாட்டில் இருந்தால் அளவில் குழப்பமே வராது. கலக்கியபின் சூடாக்க வேண்டாம். 24 மணி நேரம் தாண்டினால் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டியதுதான்.

குழந்தை முகம் சுளிக்கிறதே என்று சர்க்கரை சேர்ப்பவர்கள் உண்டு. குடலில் குளுக்கோஸும் சோடியமும் ஜோடி சேர்ந்துதான் உள்ளே போகும். தண்ணீர் அவற்றின் பின்னாலேயே போகும். அதற்குத் தோதாகத்தான் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு என்று வைத்திருக்கிறார்கள். சர்க்கரை கூடினால், உறிஞ்சப்படாத மிச்சம் உடம்புத் தண்ணீரைக் குடலுக்குள் இழுத்து பேதியை இன்னும் அதிகமாக்கும். கோலாவும் பாட்டில் ஜூஸும் ஆகாது என்பது இதனால்தான். ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைத் தாங்கி வந்த இனிப்பு பானங்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்தக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில்தான் உத்தரவிட்டது. ரொம்பத் தாமதம்! வாங்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள்.

பாக்கெட் கிடைக்காத நேரத்தில், ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இதில் பொட்டாசியம் இல்லை, அவசரத்துக்கு மட்டும்.

"கொடுத்தும் பேதி நிற்கவில்லையே" என்று பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். பேதியை நிறுத்துவது ஓ.ஆர்.எஸ்.ஸின் வேலையே அல்ல. போன நீரையும் உப்பையும் ஈடுகட்டுவதுதான் வேலை. 1971இல் வங்கதேச அகதிகள் நிரம்பிய, மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் காலரா நோயாளிகளை இதை வைத்துத்தான் காப்பாற்றினார்.

ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூனாகக் கொடுங்கள். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது. கண் குழிவிழுந்து, குழந்தை துவண்டு, குடிக்கவே முடியாமல் போனாலோ மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு.

துத்தநாக மாத்திரை எழுதித் தந்திருந்தால், பேதி நின்ற பிறகும் டாக்டர் சொன்ன நாள்வரை கொடுங்கள். வழக்கமாக 10 முதல் 14 நாள்.