வெண்கலத்தில் ஒரு கை: மெழுகு தொடங்கி வார்ப்பு வரை

முதல் வேலை, பார்த்து வரைவது. திருகோணமலை உப்புவெளியில் கரைவலை இழுக்கிற நேரம் போய் நின்று கைகளை மட்டும் வரையுங்கள். கயிறு இறுகும்போது மணிக்கட்டில் நரம்பு புடைக்கும், பெருவிரல் மற்ற விரல்கள்மேல் ஏறி அழுத்தும். வலையின் மடி மீனில்லாமல் வெறுமையாக வந்தால் அதே மணிக்கட்டு தொய்ந்துவிடும். இந்த இரண்டு இடங்களும் பேசாவிட்டால், நகமும் ரேகையும் எவ்வளவு நுணுக்கமாக இருந்தும் பயனில்லை. அமைதியைக் காட்ட வேண்டுமா? 1950இல் திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்கு அருகே கிணறு வெட்டியபோது கிடைத்த வெண்கலத் திருமேனிகளின் படங்களைப் பாருங்கள். சோழர் பாணிக் கைகளில் நரம்பே தெரியாது.

அடுத்தது மெழுகு. கையை முதலில் மெழுகில் செய்து, அதைச் சுற்றி மண் அச்சுக் கட்டி, மெழுகை உருக்கி வடித்த வெற்றிடத்தில் வெண்கலம் ஊற்றுவதுதான் முறை. தேன்மெழுகோடு குங்கிலியத் தூளும் கொஞ்சம் கச்சான் எண்ணெயும் சேர்த்து மெல்லிய தணலில் உருக்குங்கள். நம்மூர் வெயிலுக்கு மத்தியானம் மெழுகு விரல்கள் தானாகவே வளையும். காலையில் செய்யுங்கள், பக்கத்தில் குளிர்ந்த தண்ணீர்ச் சட்டி இருக்கட்டும்.

முதல் கை உங்கள் உள்ளங்கைக்குள் அடங்கட்டும். விரல் மொழிகளை (மூட்டுகளை) நேர்கோட்டில் வைக்காதீர்கள், அவை வில்லாக வளைந்திருக்கும். புறங்கையில் பார்த்தால் விரல் நீளம், உள்ளங்கைப் பக்கம் குட்டை. முடிந்ததும் விளக்குக்கு முன் பிடியுங்கள். சுவரில் விழும் நிழலை வைத்தே கோபமா, கெஞ்சலா என்று பார்ப்பவர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மணிக்கட்டை வெட்டித் திருப்பி ஒட்டுங்கள். விரலைத் தொட வேண்டாம்.

மணிக்கட்டின் அடியில் உலோகம் இறங்க ஒரு தடித்த மெழுகுக் குச்சி, விரல் நுனிகளிலிருந்து காற்று வெளியேற மெல்லிய குச்சிகள். எல்லாம் ஒட்டியபின் நிறுங்கள்: 100 கிராம் மெழுகுக்குச் சுமார் 900 கிராம் வெண்கலம் போகும். செம்பு 90, வெள்ளீயம் 10 என்ற கலவை போதும்.

மூதூர்ப் பக்கம் மகாவலி கொண்டுவரும் வண்டலை அரித்து, கரித்த உமித்தூள் கலந்து மெழுகுக் கைமேல் முதல் பூச்சாகத் தடவுங்கள். நிழலில் காயட்டும். பிறகு மணல் கலந்த களிமண், கட்டுக்கம்பி, மறுபடி களிமண். கடல் மணல் மட்டும் வேண்டாம்.

அச்சைச் சுட்டு மெழுகை வடிப்பதையும், 1000 பாகை செல்சியசுக்கு மேல் உருக்கி ஊற்றுவதையும் அனுபவமுள்ள வார்ப்புப் பட்டறையில் கொடுங்கள். அச்சில் ஈரம் தங்கியிருந்தால் ஆவி உலோகத்தை முகத்தில் அடிக்கும்.

மண்ணை உடைத்து, குச்சிகளை அறுத்து, அரத்தால் தேயுங்கள். மொழிகளையும் பெருவிரலையும் மட்டும் புளி போட்டுத் துலக்கி, இடுக்குகளைக் கறுப்பாகவே விடுங்கள். கடற்காற்றில் சீக்கிரம் பச்சை பிடிக்கும் என்பதால் கடைசியாக மெல்லிய மெழுகுப் பூச்சு.